மோர் மிளகாயில் மோர் இருக்கிறது

1. ஒரு சின்னக் கேள்வி

மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "மோர் என்றால் என்ன?"

கேட்டவர் திருமதி லிண்ட்னர். ஜெர்மனியில் எங்கள் பகுதியில் பன்னிரண்டு கிளைகள் வைத்திருக்கும் இயற்கை உணவுக் கடை ஒன்றுக்குச் சாமான் தெரிவு செய்பவர். மூன்று மாதமாக எங்கள் மோர் மிளகாய் அந்தக் கிளைகளில் விலைப்பட்டுக்கொண்டிருந்தது. பைக்கற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறிமுக அட்டை வைக்கப்போகிறாராம். அதில் இந்தச் சொல்லுக்கு அர்த்தமும் இருந்தால் நன்றாக இருக்குமாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே பதில் தட்டத் தொடங்கினேன். மோருக்கு ஜெர்மனில் நேரான சொல் இருக்கிறது, புட்டர்மில்ஷ். அந்தச் சொல்லின் கடைசிப் பாதி மில்ஷ், அதாவது பால். அதைத் தட்டி முடித்தபோதுதான் விரல் நின்றது.

மேசையில் கிடந்த பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளடக்கம்: மிளகாய், உப்பு. அதற்குக் கீழே பச்சை நிறத்தில், நானே தெரிவு செய்து அச்சடிப்பித்த 'வீகன்' சின்னம். இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால்கூட இதில் இல்லை என்று சொல்லும் சின்னம் அது.

பால் சேர்ந்திருந்தால் அதை லேபலில் தடித்த எழுத்தில் போட்டே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வாரந்தோறும் பால்பண்ணை வண்டி இறக்கிவிட்டுப் போகும் மோர் வாளிகளுக்குக் கையெழுத்து வைப்பவள் வேறு யாருமில்லை, நான்தான். முப்பது வருட அனுபவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான்.

2. சுத்த சைவம்

இந்தக் குறிப்பை எழுதுவது, அடுத்த வருடம் வியாபாரத்தைப் பொறுப்பெடுக்கப் போகும் என் மகளுக்கும் தம்பியின் மகனுக்கும். எங்கள் கடை பெயர் எடுத்த கதைகளைக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். அப்பப்பா இலங்கையில், சுன்னாகத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மொத்தமாக விற்றார். அப்பா ஜெர்மனிக்கு அகதியாக வந்து, வுப்பர்டாலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே, பழைய காரின் பின்பக்கத்தில் அரிசியும் மிளகாய்த்தூளும் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோனார். பிறகு கடை வந்தது. நான் மொத்த வியாபாரத்தில் தொழிற்கல்வி முடித்து வந்ததும் கடைக்குப் பின்னால் களஞ்சியம் வந்தது. இதற்கு மேல் வேண்டுமென்றால் அப்பாவைக் கேளுங்கள். ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும்.

பெயர் போக இருந்த கதையை அவர் சொல்லமாட்டார். அதை நான் சொல்கிறேன்.

கப்பலில் வரும் மோர் மிளகாய் பாதி நொறுங்கித்தான் வந்து சேரும். அதனால் அப்பா ஓர் உலர்த்தும் அலுமாரி வாங்கிக் களஞ்சியத்திலேயே செய்யத் தொடங்கினார். முதல் லேபலை நான்தான் தட்டினேன்.

"என்னென்ன எழுதுறது அப்பா?"

"மிளகாய், உப்பு."

"மோர் எழுதேல்லையே?"

"பேரிலயே மோர் கிடக்கு. பிறகு என்னத்துக்கு ரெண்டாந்தரம்?"

நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டேன். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். மோர் மிளகாயில் மோர் இருக்கிறது என்று அவர்களுக்கு எழுதிக் காட்டுவது பகிடி போலத்தான் இருந்திருக்கும்.

வருடங்கள் போய்த் திருமதி லிண்ட்னரின் படிவம் வந்தது. வீகனா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கேள்வி. நான் அலுவலக அறையிலிருந்தே கத்தினேன். "அப்பா, மோர் மிளகாய் சைவம்தானே?"

"சுத்த சைவம்! விரதத்துக்கே சாப்பிடுறது."

ஆம் என்பதில் சரி போட்டேன். அதை வைத்துத்தான் எல்லாப் பைக்கற்றுக்கும் அந்தப் பச்சைச் சின்னம் அடித்தோம். எங்களுக்கு மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சேராதது எல்லாம் சைவம். பால், தயிர், நெய் எல்லாம் அதற்குள் அடக்கம். வீகன் அப்படியல்ல. இது எனக்குத் தெரியாததும் அல்ல. இரண்டு மொழியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பில், ஒரு சொல்லை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது. அப்பாவின் தலையில் அதைக் கட்டமாட்டேன்.

3. பொல்லுக் கொடுத்து அடி வாங்குவது

பதிலை அனுப்பாமல் அப்பாவைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். அவர் கதிரையில் உட்காரவில்லை.

"ஆரும் முறைப்பாடு சொன்னவையோ?"

"இல்லை."

"இதைச் சாப்பிட்டு ஆருக்கும் வருத்தம் வந்ததோ?"

"எனக்குத் தெரியாது அப்பா. அதுதான் பயம்."

"அடுத்தமுறை அடிக்கேக்க லேபிளை மாத்து. கதை முடிஞ்சுது."

"கடையளில கிடக்கிற பைக்கற்?"

"அது தன்பாட்டில வித்துப் போகும்."

"விக்கக் கூடாது அப்பா. எல்லாத்தையும் திருப்பி எடுக்கவேணும். உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் சொல்லவேணும்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன விசரே? பொல்லுக் குடுத்து அடி வாங்கப் போறியோ? கடைக் கண்ணாடியில எங்கட பேரைப் போட்டு, இதைச் சாப்பிடாதேங்கோ எண்டு நோட்டீஸ் ஒட்டவேண்டி வரும். நாப்பது வரியமாக் கட்டின பேர் பிள்ளை!"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்க ஏலாது அப்பா."

"இது பூசணிக்காய் இல்லை. மோர். அது எப்பவோ காய்ஞ்சு போச்சு!"

அவர் பயந்ததில் பொய்யில்லை. அந்த இயற்கை உணவுக் கடையின் ஓடரை நம்பித்தான் புதிய, பெரிய களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். ஓடர் போனால் களஞ்சியமும் போகும். ஆனால் எனக்கு வேறொரு படம் கண்ணுக்குள் வந்து நின்றது. எங்கோ ஒருவர் பச்சைச் சின்னத்தையும் எங்கள் பெயரையும் நம்பிப் பைக்கற்றை உடைக்கிறார். அந்தப் பெயருக்காகத்தானே அப்பா இவ்வளவு பாடும் படுகிறார்? நான் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

திருமதி லிண்ட்னர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். "எல்லாக் கிளைகளிலும் இன்றே எடுத்துவிடுகிறோம்" என்றார். பிறகு, உங்கள் மற்றச் சாமான்களையும் இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன் என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல? அடுத்த அழைப்பு உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு.

அடுத்த நாள் காலை உணவுக் கட்டுப்பாட்டு அலுவலர் வந்தார். உலர்த்தும் அலுமாரி, மோர் வாளிகள், லேபல் எல்லாவற்றையும் பார்த்தார். மோர் காய்ந்துபோய்விடும் என்று நினைத்தோம் என்றேன். "காய்வது தண்ணீர் மட்டும்தான்" என்றார் அவர், சிரிக்காமல். பால் புரதம் மிளகாயிலேயே ஒட்டியிருக்கும் என்று விளக்கியும் விட்டார்.

அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மரக்கறிப் பெட்டிகளை மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக இறக்கி வைத்தார்.

4. சிவம் கடையால கதைக்கிறன்

கடைக் கண்ணாடியில் அறிவித்தல் ஏறியது. மேலே ஜெர்மன், கீழே தமிழ். தமிழை நான்தான் எழுதினேன். மோர் மிளகாயில் மோர் உண்டு, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்ண வேண்டாம், பைக்கற்றைத் திருப்பித் தரவும்.

வந்தவர்கள் எல்லோரும் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "சிவமண்ணை, உப்பில உப்பு இருக்கெண்டும் ஒட்டிவிடுங்கோவன்" என்றார் ஒருவர், அப்பாவைப் பார்த்து.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. வேறு நகரங்களில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நாங்கள் பொதி அனுப்புவதுண்டு. மோர் மிளகாய் வாங்கியவர்களின் தொலைபேசி எண்களைத் தரச்சொல்லி என்னிடம் கேட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதற்பேச்சு அதுதான்.

"இன்னொரு ஆள் சொல்லி என்ர ஆக்கள் அறியக் கூடாது. நானே சொல்லுறன்."

உண்மையில் அவர் நினைத்தது வேறு. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். அதனால் முழுக் கடைக்கும் கேட்டது.

"தங்கச்சி, சிவம் கடையால கதைக்கிறன். மோர் மிளகாயில மோர் இருக்காம். உங்களுக்குச் சொல்லட்டாம்."

"ஐயோ அண்ணை, இதுக்கே போன் எடுத்தனீங்கள்?"

மறுபக்கம் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு. ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார், 'பாத்தியே?' என்பதுபோல. அந்தப் பார்வைக்கு நான் முகம் கொடுக்காமல் வேலையைப் பார்த்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

போன் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம் பீலெஃபெல்ட் நகரத்துக்கு எடுத்தார். துர்க்கா என்று ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா வழக்கம்போலத் தொடங்கினார்.

"மோர் மிளகாயில மோர் இருக்காம் பிள்ளை."

"மோர் எண்டா என்ன அங்கிள்?"

அப்பா சிரித்தார். "மோர் பிள்ளை. மோர்!"

"அது மிளகாய்க் கொம்பனியின்ர பேர் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "இல்லைப் பிள்ளை. தயிரைக் கடைஞ்சால் வாறது. பால்."

மறுபக்கத்தில் பைக்கற்றை எடுக்கும் சரசரப்புக் கேட்டது.

"அங்கிள், எனக்குப் பால் ஏலாது. சின்னனிலயிருந்து அலர்ஜி. அவசரத்துக்குப் போடுற ஊசியைப் பையில கொண்டுதான் திரியிறனான். எங்கட வீட்டில தயிர், மோர் ஒண்டும் வாங்கிறேல்லை. அதுதான் பேர் தெரியாது. உங்களிட்டப் பச்சைச் சின்னம் இருக்கிற சாமான் மட்டும்தான் எடுக்கிறனான்."

"பைக்கற்றை உடைச்சிட்டியே?" அப்பாவின் குரலை நான் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

"இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பொரிக்க எண்டு வைச்சிருக்கிறன்."

"உடைக்காதை. நான் வாறன்."

"குப்பையில போட்டுவிடுறன் அங்கிள், பரவாயில்லை."

"நான் வாறன் எண்டு சொல்லுறன்!"

5. பீலெஃபெல்ட்

கார் நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் அப்பா, கொஞ்சம் கெதியா ஓடு என்றார். நூற்றிருபதில் போய்க்கொண்டிருந்தேன்.

துர்க்காவுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு பைக்கற் மிளகாய்க்காக எண்பதை நெருங்கும் மனிதர் இவ்வளவு தூரம் வந்து நிற்பதை அவளால் நம்ப முடியவில்லை. அப்பா பைக்கற்றை வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார்.

அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவிடம்கூட.

"நீங்கள் சொல்லிட்டியள்தானே அங்கிள்" என்றாள் துர்க்கா. "இருங்கோ. பால் விடாத தேத்தண்ணிதான் தர ஏலும்."

அவர் இருந்து முழுவதையும் குடித்தார்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டார். "வீகன் எண்டால் என்ன? முழுக்கச் சொல்லு."

"மிருகங்களிட்டயிருந்து வாறது ஒண்டும் சேரக் கூடாது அப்பா."

"நெய்?"

"கூடாது."

"தேன்?"

"அதுவும் கூடாது."

"தேனுமோ!" என்றார். பிறகு, "அப்ப திங்கக்கிழமை, கடையின்ர முதலாம் தட்டிலயிருந்து துவங்குவம்" என்றார்.

6. முதல் தட்டிலிருந்து

திங்கட்கிழமை காலையில், கடையின் முதல் தட்டில் இருந்த சாமானிலிருந்து தொடங்கினோம். அப்பா தமிழ்ப் பெயரை வாசிப்பார். நான் ஜெர்மன் லேபலை வாசிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து, இதற்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆறு வாரம் எடுத்தது. லேபலில் இல்லாதவை அகப்பட்டன. பெருங்காயத்தில் கோதுமை மா. ஒரு பலகாரத்தில் நெய். இன்னும் இரண்டு இருந்தன. எல்லாவற்றையும் அறிவித்து, லேபலைத் திருத்தினோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

திருமதி லிண்ட்னர் தன் கடைகளுக்கு மோர் மிளகாயை மீண்டும் வாங்கவே இல்லை. நேரில் வந்து களஞ்சியத்தைச் சோதித்துவிட்டுச் சிவப்பரிசியையும் கறித்தூளையும் மட்டும் எடுத்தார். பெரிய களஞ்சியம் கிடைக்கவில்லை. இன்றும் பழைய இடத்தில், கூரை முட்டப் பெட்டி அடுக்கித்தான் வியாபாரம் செய்கிறோம். அதற்காக எனக்கு ஒருநாளும் கவலை வந்ததில்லை. துர்க்கா இன்னும் எங்களிடம்தான் சாமான் எடுக்கிறாள்.

பிள்ளைகளே, பிழை விடாமல் வியாபாரம் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். விடுவீர்கள். விட்டது தெரிந்த உடனே, யாரும் கேட்பதற்கு முன்னால், நீங்களே தொலைபேசியை எடுங்கள். அடி விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒருவர் வீட்டில் செய்த பலகாரம் கொண்டுவந்து கடையில் வைக்கச் சொன்னார். லேபல் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான்தானே அண்ணை, இதுக்கென்னத்துக்கு லேபிள்?" என்றார்.

அப்பா பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

"எல்லாரையும் நீ கேட்டனியோ?"