பேய் என்று விற்கப்பட்டவர் எம். புதுப்பட்டியில் இருக்கிறார்

காலை எட்டேகால் மணிக்கு விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்த பைக்குள் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது.

பழைய திகில் கேம்களைச் சேர்ப்பவன் நான். தடை செய்யப்பட்டவை, கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டவை, சில நூறு பிரதிகளோடு நின்றுபோனவை, இவற்றுக்குத்தான் எங்கள் கூட்டத்தில் மதிப்பு. இந்தப் பெட்டியை வெளிநாட்டுச் சிறு கம்பெனி ஒன்று போட்டது. விளையாடுபவர் கருகிய பட்டாசு ஷெட்டுக்குள் மாட்டிக்கொள்வார். தீயில் வெந்த முகத்தோடு ஒரு பெண் பேய் துரத்தும். விற்பனைக்கு வந்த சில வாரங்களில் கம்பெனியே காரணம் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டது. அவ்வளவு பயங்கரமான கேம் என்று நாங்களாகவே கதை கட்டிக்கொண்டோம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, பெருமையாகப் படம் எடுத்து, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய எங்கள் குழுவில் போட்டேன்.

அதன் கீழேதான் ஜெயராணி எழுதினார். அவர் சிவகாசியில் நர்ஸ்; யாரோ பகிர்ந்ததைப் பார்த்திருக்கிறார். “அட்டையில் இருப்பது பேய் இல்லை. எங்கள் ஊர் அக்கா. தீக்காய வார்டில் நான் கட்டுப்போட்ட முகம். பெட்டியோடு வர முடியுமா? அவர் பார்க்க வேண்டும் என்கிறார்.” குழுவில் பலர் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு சிவகாசி பஸ். இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். நடத்துநர் என் பையைப் பார்த்தார்.

“வெடி எதுவும் இல்லையே? பஸ்ல ஏத்தக் கூடாது.”

“இல்லைங்க. கேம்.”

“பிள்ளைகளுக்கா? நல்லது, நல்லது” என்று நகர்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிவகாசியில் ஜெயராணி காத்திருந்தார். அங்கிருந்து மினி பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கருவேலங்காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ஷெட்டுகள். என் கேமில் வரும் ஷெட்டுக்கும் இவற்றைப் போலவே நாலு பக்கமும் வாசல் இருக்கும். அதை நாங்கள் “அருமையான கற்பனை” என்று புகழ்ந்திருக்கிறோம்.

பதினொரு மணி. எம். புதுப்பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. சுவரோரம் ஆளுயரத்துக்குக் காலிப் பட்டாசுப் பெட்டிகள். நடுவில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தவர்தான் பஞ்சவர்ணம். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை இறங்கியிருந்தது வடு. அட்டையில் அதே இடத்துப் புண்ணை நான் எத்தனையோ முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ரசித்திருக்கிறேன்.

“வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். முதலில் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். “அட்டை நல்ல அட்டைதான். லேமினேசனும் சுத்தமா இருக்கு.” பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது ஆஸ்பத்திரில எடுத்தது. வெடிச்ச மூணாம் நாளு. போட்டோ இருந்தாத்தான் நிவாரணம் கேக்க முடியும்னு ஒரு ஆளு வந்தாரு. கண்ணத் தெறங்கம்மான்னாரு. வலிக்க வலிக்கத் தெறந்தேன்.”

அந்தப் படம் கைபேசி கைபேசியாகப் பரவி இணையத்துக்குப் போயிருக்க வேண்டும் என்றார் ஜெயராணி. அங்கிருந்து எடுத்தவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

“இதுல நான் என்ன செய்வேன்?”

“துரத்துவீங்க அக்கா. உள்ள வர்றவங்களைக் கொல்லுவீங்க.”

“அவுக என்ன செய்வாக?”

நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தேன். “சொல்லுங்க சார்” என்றார் ஜெயராணி, நர்ஸுகளுக்கே உரிய கண்டிப்போடு.

“தீப்பெட்டியைத் தேடி எடுத்து உங்களைக் கொளுத்தணும். அப்பத்தான் ஜெயிக்க முடியும்.”

“மறுபடியுமா?”

ஜெயராணி பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்து ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னார். செத்தும் அடங்காத ஒரு தொழிலாளியின் ஆவி என்று போட்டிருந்தது.

“செத்தா? நானா?” பஞ்சவர்ணத்தின் குரல் உயர்ந்தது. “அன்னைக்கு அந்த ஷெட்டுல நாலு பேரு செத்தாக. அவுக பேரு ஒண்ணாவது இதுல போட்டிருக்கா?”

“இல்லை அக்கா.”

“நான் யாரையும் தொரத்தல தம்பி. ஓடுனேன். கூட வேல பாத்த செல்வி கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் ஓடுனேன். அவ கை நழுவிப் போச்சு. இத விளையாட்டுன்னு வித்திருக்காக. நீங்களும் வாங்கியிருக்கீக.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

“எம் மூஞ்சிய அதுலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்.”

மூன்று மணிவரை உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். அவர் சொன்னதை ஜெயராணி தமிழில் எழுத, நான் ஆங்கிலத்தில் மாற்றினேன். கடைசியில் இறந்த நால்வரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். எழுத்து சரியா என்று ஒவ்வொன்றையும் சத்தமாகப் படிக்க வைத்தார். பெட்டியை ஆதாரமாக ஜெயராணியிடம் கொடுத்தேன். விருதுநகரில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பப் போனிலேயே ஒப்புக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். சாத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் தன் பிரதியையும் வக்கீலுக்கு அனுப்புவதாக எழுதினார். மற்றவர்களுக்கு ஒரே குதூகலம். “உண்மைக் கதையா? அப்படியானால் விலை இரண்டு மடங்கு” என்றார் ஒருவர். அடுத்தவர் கேட்டார்: “அந்த அம்மாவிடம் பெட்டி மேல் ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுமா?”

பிணத்தில் நகை உருவுகிறவனுக்குக்கூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். இவர்கள் படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள், என்னோடு பத்து வருடம் பேசியவர்கள். அந்த இடத்திலேயே குழுவிலிருந்து வெளியேறினேன்.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி தன் இணையப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டது. மன்னிப்பாக ஒரு வரிகூட வரவில்லை. வெளியே போன பெட்டிகள் பல ஊர்களில், பல அலமாரிகளில், அதே முகத்தோடு இருக்கின்றன.

திருச்சியில் என் அலமாரியில் இன்னும் முப்பத்தொரு பெட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அட்டையில் முகங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுதி, இது யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் பதில் எழுதினார்கள். தெரியாது என்கிறார்கள்.