காலையில் போட்ட ஊசி

போன வியாழக்கிழமை ஒரு நோயாளியைப் பார்த்ததும் எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. இத்தனை வருட சர்வீஸில் இது முதல் தடவை.

மாத்தளை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். டியூட்டிக்கு முன்னும் பின்னும் வீடுகளுக்குப் போய் ஊசி போடுவது தெரியாது. எங்கள் மேட்ரனுக்கும் தெரியாது... வெளி வேலைக்கு அனுமதி கிடையாது.

அன்று காலை பக்கத்து ஊரான அலுவிகாரையில் ரஹ்மா உம்மா என்ற வயதானவர் வீட்டுக்குப் போய் அவருக்கு இன்சுலின் போட்டேன். "சாப்பிட்டுருங்க உம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்து டியூட்டிக்கு வந்தேன்.

மதியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது. தூக்கி வந்தது ரஹ்மா உம்மாவை! உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை.

இன்சுலினைக் கூடுதலாக எடுத்துவிட்டேனா? சிரிஞ்சை வெளிச்சத்தில் பார்த்தேனா? பார்த்த மாதிரித்தான் இருந்தது... நேற்றுப் பார்த்ததோ?

"ஏதாவது மருந்து எடுக்கிறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். கூட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர் முழித்தார். பக்கத்தில் மேட்ரன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

"காலையில இன்சுலின் போட்டிருக்கு, டாக்டர்."

"யார் சொன்னது?"

"நான்தான் போட்டேன்."

மேட்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

இரத்தத்தில் சீனி அளவு பாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம். குழாய் நகராமல் இருக்க என்னால் டேப்பைக்கூட ஒட்ட முடியவில்லை, இன்னொரு நர்ஸ்தான் ஒட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் உம்மா கண் திறந்தார். முதல் கேள்வி — "என்ட நோன்பு முறிஞ்சிருச்சா மகள்?"

வியாழனும் திங்களும் விரும்பினால் பிடிக்கும் சுன்னத்து நோன்பாம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"சொன்னா விடமாட்டீங்க தானே..."

டியூட்டி முடிந்ததும் மேட்ரன் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தே போய் நின்றேன்.

"அந்த வீட்டில நீங்க தனியா இருக்கப்ப இப்படி ஆகியிருந்தா யாருக்கு ஃபோன் கோல் எடுத்திருப்பீங்க?"

அவர் மேசையிலிருந்த டியூட்டி ரெஜிஸ்டரை மூடினார்.

"இனி போறதா இருந்தா எனக்குச் சொல்லிட்டுப் போங்க."

அவ்வளவுதான். வார்டில் பயந்தால் திரும்பிப் பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். தனியாகப் போகும் வெளி வேலையில் பயமும் நம் தனிப் பொறுப்பு. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

டாக்டர் இன்சுலின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை, மேட்ரனிடம் சொல்லிவிட்டு, மறுபடி உம்மா வீட்டுக்குப் போனேன்.

"இன்னைக்கு நோன்பா உம்மா?"

"இல்ல மகள்."

நம்பவில்லை. முதல் இடியப்பத்தை அவர் விழுங்கிய பிறகுதான் சிரிஞ்சை எடுத்தேன்.

அதை வெளிச்சத்தில் பிடித்து அளவை இரண்டு தடவை பார்த்தேன்.