பாஸ்வேர்டு அடிக்கும்போது ஜன்னலைப் பார்த்தவள்

எங்கள் அலுவலகக் கணினியில் ஒரு சின்ன மென்பொருளைக்கூட நாமாகப் புதுப்பிக்க முடியாது. எதைத் தொட்டாலும் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். ஐடி பிரிவிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் விசைப்பலகையில் கை வைத்ததும் நாம் நாற்காலியைத் திருப்பி வேறெங்காவது பார்க்க வேண்டும். சட்டமெல்லாம் இல்லை, ஒரு மரியாதைதான். நான் ஆறு வருடமாக ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறவள். இந்த விஷயத்தில் திருவனந்தபுரத்தின் ஐடி பேட்டையான இந்தக் கழக்கூட்டத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய பெருமை!

நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். மகள் கண் விழிக்கும் முன் கிளம்பி, அவள் சாப்பிட்டு முடித்த பின் வீட்டுக்குள் நுழைவேன். பள்ளிக்கு அவளை ஆட்டோ கொண்டுபோகும். போன மாதம் எங்கள் நாகர்கோவில் கிளையில் ஒரே ஒரு இடம் காலியானது. இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் நேர்காணல். ஆபீசில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம்தான், வேறென்ன. மகளிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

"ஜூன்லேர்ந்து அம்மாதான் ஒன்ன ஸ்கூல்ல கொண்டு விடுவேன், மக்ளே."

இந்த வாய் சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கே வீடியோ மென்பொருளைத் திறந்தேன். புதுப்பித்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. ஐடிக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், உடனே வந்தார்.

"சேச்சி டென்ஷன் அடிக்கண்டா. பத்து மினிட்டு, அத்தறே உள்ளூ."

பத்தே நிமிடம்தான் என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டு அவர் பாஸ்வேர்டு அடித்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்ததும் அவர் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கோடு நிறைந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். உடனே இன்னொரு பெட்டி, மறுபடியும் பாஸ்வேர்டு. கருமம், இப்போதுதானே வாங்கிக்கொண்டாய்!

அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாடியில் ஐடி பிரிவுக்கு ஓடினேன். எங்கள் தளத்துப் பாஸ்வேர்டு அவரிடம்தான், அவர் அடுத்த கட்டடத்துச் சர்வர் அறைக்குள் இருக்கிறார், அங்கே போன் கொண்டுபோகக் கூடாது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். என் போனில் நேர்காணல் லிங்கைத் திறந்து பார்த்தேன். என் பெயரில் பதிவான அலுவலகக் கணினியில்தான் திறக்குமாம். நேர்காணல் நடத்துகிறவர்களுக்கு மெயில் போட்டேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது, இரண்டு வேலை நாட்களில் பதில் தருவோம்' என்று இயந்திரம் பதில் சொன்னது.

மணி மூன்றைத் தாண்டியது. நான் முடியைச் சரிசெய்து, துப்பட்டாவை ஒழுங்காக்கி, பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தோன்றியதை எல்லாம் அடித்துப் பார்த்தேன். இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டப்படும் என்றதும் கையை எடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் திருவனந்தபுரம் ஆரியசாலையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் காதில் ஹெட்போனோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றரை தாண்டி ஐடிக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். பாஸ்வேர்டு அடித்தார். அப்போதும் நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். மென்பொருள் திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

சனியும் ஞாயிறும் மகள் காலண்டரைப் பிடித்துக்கொண்டு, "ஜூனுக்கு இன்னும் எத்தன நாளும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மெயில் போட்டிருக்கிறோமே, இன்னொரு நேரம் தருவார்கள் என்று நானும் எண்ணிச் சொன்னேன். திங்கட்கிழமை பதில் வந்தது. நேர்காணலுக்கு நான் வராததால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. 'வராததால்' என்ற சொல்லைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்து இருக்கைப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். "அய்யோ, என்னாச்சுக்கா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த பாஸ்வேர்டா? அக்கா, இந்த ஃப்ளோர்ல அது அறியாத ஆளுண்டா? அவரு அடிக்கறப்ப பாத்து வச்சதுதான். எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் வேறேதோ ஒரு மென்பொருளுக்குப் பெட்டி வந்து நின்றது. அவள் என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

என் நாற்காலி தானாகத் திரும்பியது.

"அக்கா, இங்க பாருங்க. பாத்து வச்சுக்கோங்க."

நான் திரும்பவில்லை. வீட்டில் ஒருத்தி ஜூனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.