ஓசையில்லாத வண்டி

அந்தக் காரின் கியர்பாக்ஸை நான் பழுது பார்க்கவில்லை. அதற்குள் மரத்தூளைக் கொட்டி மூடினேன். சரி செய்துவிட்டதாக ஊருக்குச் சொன்னேன். என்னை நம்பி வாங்கியவன் உடைந்த வண்டியோடு வந்து நின்றபோது, உடைத்தவன் நீதான் என்று அவனிடமே சொன்னேன்.

போதுமா? உங்களுக்குப் போதாது என்று தெரியும். வறுமையா, வீட்டில் நோயா, எதற்காகச் செய்தாய் என்று கேட்பீர்கள். அப்படி ஏதாவது இருந்தால் என்மீது இரக்கப்பட வசதியாக இருக்குமே! அந்த வசதியை உங்களுக்குத் தரமாட்டேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை. கவரைப்பேட்டைக்குக் கிழக்கே எங்களுக்கு நஞ்சை நிலம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்துத் தேறியவன் நான். மோட்டார் என்றால் பைத்தியம். படித்த பைத்தியம்... அதுதான் ஆபத்தான வகை.

அது விலாயத்துக் கார், இங்கிலாந்தில் செய்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கினேன். அதன் மைல் மீட்டர் ஐந்து இலக்கமும் ஒன்பதாகி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, இரண்டாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் ஊளையிடும். மேடு ஏறினால் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுவிடும். லிவரை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

"மெக்கானிக் எதற்கு? நானே பிரித்துப் பூட்டுகிறேன்" என்று ஊரறியச் சொன்னேன். அறுவடை முடிந்த களத்தில் கியர் பெட்டியை இறக்கிப் பிரித்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம். ஒவ்வொரு பற்சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பெயர் சொல்லி, கோணித்துணியில் அடுக்கினேன். பாடம் நடத்தினேன் என்றே சொல்லலாம். பிறகுதான் பார்த்தேன். பற்கள் தேய்ந்து, சப்பிப் போட்ட புளியங்கொட்டை போல வழவழவென்று இருந்தன. மாற்றுச் சக்கரம் வேண்டும். சென்னையின் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தேன். எங்கும் கிடைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தி, என்னால் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் டீக்கடை பெஞ்சில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்குமே, எந்த வேலையும் செய்யாத, எல்லா வேலையைப் பற்றியும் பேசுகிற கூட்டம்... அது என் வழியை மறித்தது.

"இன்னா இஞ்சினியரே, பொட்டிய தொறந்துட்ட. மூடத் தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"மூட்றதுக்கு வேற படிப்பாம்பா. அடுத்த வருசம் போய் சேர்வாரு," என்றான் ஒருவன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அதைச் செய்தேன். வேறு எதற்காகவும் இல்லை. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை. அவர்கள் சிரிப்பை மட்டும் தாங்க முடியவில்லை. இது என்ன கணக்கு?

மரம் அறுக்கும் மில்லில் மரத்தூளை நுண்ணியதாகச் சலித்து வாங்கினேன். கெட்டி எண்ணெயில் குழைத்துப் பெட்டிக்குள் விட்டேன். தேய்ந்த பற்களுக்கு இடையில் தூள் மெத்தைபோல் அமரும். ஊளை அடங்கும். தரகர்கள் செய்யும் வேலை இது என்று நானே காறித் துப்பியிருக்கிறேன். கியர் கழலாமல் இருக்க, உள்ளே ஒரு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கினேன். வண்டியைக் கிளப்பினால்... ஓசையே இல்லை! டீக்கடையை மூன்று முறை சுற்றி வந்தேன். பெஞ்சு வாயடைத்துப் போயிற்று.

அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் அருளப்பன் வந்தான்.

அருளப்பனின் அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அரைக்கால் சட்டை போட்ட என்னைக்கூட 'சின்னய்யா' என்று கூப்பிட்டு, துண்டை இடுக்கிக்கொண்டு நிற்பார். மகன் வயலுக்கு வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் இரும்புக் கம்பி லோடு ஏற்றப் போய்விட்டான். லாரிக்காரர்களோடு பழகி ஓட்டவும் கற்று, லைசென்சும் எடுத்திருந்தான். ரயிலிறங்கும் அதிகாரிகளைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போக ஒரு வாடகைக் கார் விட வேண்டும் என்பது அவன் ஆசை.

"தம்பி, வண்டிய குடுக்கிறதா இருந்தா எனக்கே குடு," என்றான்.

தம்பி! என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். வேறு எப்படிக் கூப்பிடுவான்? பாலிடெக்னிக் மேடையில் சமத்துவம் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த நாக்கு என்னுடையதுதான். 'தம்பி' என்றதும் சுருக்கென்ற காதும் என்னுடையதுதான்.

அவன் மனைவி ஸ்டெல்லாவைப் பின்னால் உட்காரவைத்து, நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் பக்கத்தில் பழைய வண்டியைக் காதால்தான் வாங்குவார்கள். சத்தம் போட்டால் கிழம், போடாவிட்டால் குமரி.

"பாயில உருள்ற மாரி கீது தம்பி. மீட்டர பாத்தா ஜாஸ்தி ஓட்னதாவும் தெரில," என்றான்.

இரண்டாவது சுற்று என்று நான் சொல்லவில்லை.

"பொட்டி எப்டி? நீ தொறந்து பாத்தவன். நீ ஒரு வார்த்த சொன்னா போதும் எனக்கு."

"புதுசு மாதிரி," என்றேன்.

எத்தனை அலட்சியமாக அவனைப் பார்த்தேன் தெரியுமா? எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தொட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே என் குட்டு உடைந்திருக்கும். பார்க்கத் தெரியாதவனுக்கு இது போதும் என்று நினைத்தேன். நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். நீங்களும் பெயிண்டையும் சீட் உறையையும் தடவிப் பார்த்துவிட்டு வாங்கியிருப்பீர்கள்.

கறவை மாடுகளை விற்றான். கம்பி வேலையை விட்டான். மாதா கோயில் சாமியாரிடம் வண்டியை மந்திரித்து வாங்கி, கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டான். ஸ்டேஷன் வாசலில் என்னைக் கண்டால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அசைப்பான். "ஏறு தம்பி, ஊட்ல வுட்றேன்."

நான் ஏறியதில்லை. காத்திருந்தேன். அந்தப் பெட்டி எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன்... பயத்தோடு அல்ல. இதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஒரு பிற்பகல் அது நடந்தது. டீக்கடையில் நானும் இருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து அந்தக் கார் பின்பக்கமாகவே வந்தது. லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கின. அருளப்பன் கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்தபடி ஓட்டினான். பின்சீட்டில் ஸ்டெல்லா, வந்த வழியையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாபா அருளப்பா, மூஞ்சி ஆந்திராவுக்கு, முதுகு மெட்ராசுக்கா?" என்றார் கடைக்காரர்.

பெஞ்சு உருண்டு சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

அவன் வண்டியை நிறுத்தி இறங்கி நேராக என்னிடம் வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "பேஜாரா பூட்ச்சி தம்பி. முன்னால போற கியரு ஒண்ணும் உழல. ரிவர்ஸு மட்டும்தான் உழுது. கொஞ்சம் பாரேன்."

அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "லோடு தூக்கின கைக்கு லிவரப் பத்தி இன்னா தெரியும்? பல்ல பூரா மென்னு துப்பிட்ட. நான் குடுக்கும்போது எப்டி இருந்துது, இவங்களயே கேளு."

பெஞ்சு ஆமாம் என்றது. அது எதற்குத்தான் ஆமாம் என்காது? அருளப்பன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான்.

மறுநாள் காலை நானே அவன் வீட்டுக்குப் போனேன், வேறு யாரும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் திறந்துவிட. அவர்கள் அதை நல்ல மனசு என்று நினைத்தார்கள். ஸ்டெல்லா எனக்கென்று கடையில் நாஷ்டா வாங்கி வைத்தாள். காரின் அடியில் படுத்து எண்ணெயை வடித்தேன். கருப்புக் கூழாக இறங்கிற்று.

"இன்னாது இது, எண்ணெயில நாரு மாரி?" என்றாள்.

"பல்லு தேஞ்சா அப்படித்தான் வரும்."

அவள் குனிந்து ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உரசினாள். மெதுவாக, வெகுநேரம். என்னைப் பார்த்தாள். எண்ணெயைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன்.

புறப்படும்போது அருளப்பன் வாசல்வரை வந்தான். "தப்பு என்னுதுதான் சின்னய்யா. நல்ல வண்டிய நாஸ்தி பண்ட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

சின்னய்யா.

கூசியிருக்க வேண்டும் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? கூசவில்லை. இதமாக இருந்தது! இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். மரத்தூளைக்கூட ஒருவேளை மன்னிப்பீர்கள். அந்த இதத்தை?

தொழிற்சாலையில் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது லாரி ஷெட்டுகளில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறான். டிரைவர் வேலைக்கு ஒருவர் கூப்பிட்டாராம். "நமக்குக் கை வராதுபா," என்று மறுத்துவிட்டானாம். கார் அவன் வீட்டோரம் நிற்கிறது. பின்சீட்டில் கோழி முட்டையிடுகிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் கைகள் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்கு அது தெரியும். இதை எழுதுகிற கையால் அவன் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். தட்டவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு அவனைத் தெரியாது, அதனால்.

நான் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். சாலையில் என் வண்டியைக் கண்டால் அருளப்பன் மூட்டையோடு மண்ணில் இறங்கி ஒதுங்கி நிற்கிறான், நான் கடக்கும்வரை.

ஸ்டெல்லா ஒதுங்குவதில்லை. நடுச்சாலையிலேயே நடக்கிறாள். நான் வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போது அவள் கையைத்தான் பார்க்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன.