ஒரு வள்ளம் விதை

குடகில் காப்பித் தோட்டக் கூலிகளான எங்கள் லைன் வீட்டுக்கு ஒரு நாள் ஒரு பெண் தாளும் பேனாவுமாக வந்தாள். சொந்த ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று தமிழிலேயே கேட்டாள். வேலை, படிப்பு, கல்யாணம், பஞ்சம், சண்டை என்று தாளில் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. ஒன்றில்தான் குறி போடலாமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு கட்டத்துக்குள் அடைகிற சங்கதியா அது? "ஏதோ ஒண்ணுல போட்டுக்க கண்ணு," என்றேன். வேலை என்று போட்டுக்கொண்டு போனாள்.

கொல்லிமலையில் நான் வாக்கப்பட்டுப் போனபோது காடெல்லாம் சாமைதான். சாமையைப் பற்றி இப்போது யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உரலில் போட்டுக் குத்திப் பார்க்கட்டும், தெரியும். உள்ளங்கை காய்த்து, தோள் கழன்று, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போய்விடும். தொண்ணூற்றேழு வாக்கில் ஊரே குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாறியது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை லாரிகள் மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி வந்து கிழங்கை அள்ளிக்கொண்டு போகும். அந்தக் காசில் கடை அரிசி வாங்கினோம். அப்பாடா, உலக்கைக்கு ஒரு கும்பிடு என்று முதலில் குதித்தவள் நான்தான். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

எங்கள் பக்கம் விதையை விற்க மாட்டார்கள். ஒரு வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி விதைப்பார்கள், விளைந்ததும் கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் விதையைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை. எங்கள் வீட்டிலும் சாணி மெழுகிய கூடையில் வேப்பிலை போட்டு ஒரு வள்ளம், அதாவது நாலு படி, சாமை விதை பரணில் கிடந்தது. ஒரு தைப் பொங்கல் நோம்பிக்கு என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பத்துப் பேர் வந்து நின்றார்கள். கடை அரிசி தீர்ந்திருந்தது. கூடையை இறக்கி, குத்தி, பொங்கிப் போட்டேன். போனால் என்ன, பக்கத்து வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன். கூடை ஏன் காலி என்று அவர் பிறகு கேட்டபோது, எலி தின்றுவிட்டது என்றேன். "எலியா?" என்றார், அதோடு விட்டுவிட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்களே, அது எனக்கு இரண்டு வருஷம் கழித்துப் பலித்தது. கிழங்கு விலை விழுந்தது. லாரிகள் வரவில்லை. தோண்டாத கிழங்கு மண்ணுக்குள்ளேயே நாரோடியது. மிளகுக்கொடி நாலைந்து இருந்தது, உப்பு புளிக்குத்தான் காணும். அவர் ஏற்கெனவே இரண்டு முறை குடகுக்குப் போய் மரமேறி மிளகு பறித்து வந்தவர். "இந்த வாட்டி ஊட்டப் பூட்டிப்போட்டு எல்லாருமே போயர்லாம் புள்ள. அங்க லைன் ஊடு குடுக்கறாங்க," என்றார்.

நான் மாட்டேன் என்றேன். மகளுக்கு அப்போது நாலு வயது. பூட்டிய வீட்டை மழை சும்மா விடாது. எங்கள் ஊரிலேயே அப்படி மூன்று வீடு சுவர் கரைந்து கிடந்தது. அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் கிடந்தேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"செரி, ஒரு வள்ளம் சாமை வெதை கொண்டா. சோத்துக்கு நம்ம காட்டுலயே வெளஞ்சுதுன்னா நான் எங்கயும் போகலை. மழை புடிக்கறதுக்குள்ள வெதைக்கோணும்."

ஒரு வள்ளம்தானே! அதே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. "அய்யோ, எங்குளுது தீந்து மூணு வருசமாச்சு. மேலூட்டுல இருக்கும், கேளு," என்றாள். மேல் வீட்டில் கீழ் வீட்டைக் காட்டினார்கள். பஸ் ஏறி அடிவாரத்துக்குப் போய், எங்கள் மிளகை வாங்கும் கடைக்கார பாயிடம் கேட்டேன். நல்ல மனுஷர், மூட்டையைப் பிரித்தே காட்டினார். "சாமை இருக்குது கண்ணு. ஆனா உமி போக்குன அரிசி. சோறு பொங்கலாம், மொளைக்காது," என்றார்.

மிச்சம் இருந்தது எங்கள் மலையிலேயே குண்டனி நாட்டில் என் பிறந்த வீடு. அரை நாள் நடந்தேன். அண்ணன் மனைவி வாசலிலேயே என் கூடையைப் பார்த்துவிட்டார். முகம் மாறிப்போயிற்று.

"என்ன அம்மணி, நீ கூடையத் தூக்கீட்டு வந்துட்டே? நாங்க நாளைக்கு உங்க ஊட்டுக்கு வாரதா இருந்தோம். கடைசி வரைக்கும் சாமை வெதை வெச்சிருந்தது நீங்கதானே. உங்க ஊட்டுல இருக்கும்கிற தைரியத்துலதான் எங்குளுதப் பொங்கித் தின்னுபோட்டோம்."

வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணியிடமும் எலி என்றுதான் சொன்னேன், வெட்கங்கெட்டவள்.

விலை விழுந்ததால் போனோம் என்று சொல்லலாம். விழுந்தது நிஜம்தான். விலை எப்போதும் விழும், ஏறும். விழுந்த அன்றைக்குக் காட்டில் போட ஒரு பிடி விதை இருந்தால் மனுஷன் நின்றுகொள்வான். அதைத்தான் நாங்கள் வீட்டுக்கு வீடு பொங்கித் தின்றிருந்தோம். அந்தப் பெண்ணின் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

முதல் மழை பிடித்த வாரம் வீட்டைப் பூட்டினோம். பஸ்சில் ஓரகத்தி குடும்பமும் மூட்டையோடு ஏறியிருந்தது. வளைவு வளைவாக இறங்க இறங்க மகள் வாந்தி எடுத்தாள். பாதி மலை தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, அந்த வெதைய எலி திங்கலீங்க. நாந்தான் நோம்பிக்குப் பொங்கிப்போட்டேன்."

ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மகளின் வாயைத் துடைத்துவிட்டார்.

"தெரியும் புள்ள. எலியா பத்துப் பேருக்குப் பந்தி போட்டுச்சு? கடை அரிசிக்கும் சாமைக்கும் எனக்கு ருசி தெரியாதா? மூணு வாட்டி வாங்கித் தின்னவன் நானு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சே தின்னவரு, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பக்கத்து ஊட்டுல இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.