கமலாவின் கால்விரல்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கீழ்வீட்டுக் கமலா விழுந்துகிடந்தபோது அவள் கால்விரல் அசைந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

விழுந்ததில்தான் அவள் கால் போயிற்று என்று உப்பளம் பகுதியில் எங்கள் தெருவே நம்புகிறது. நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கியவள், கைப்பிடி இல்லாத மாடிப்படியிலிருந்து தவறித் தெருவில் மல்லாந்தாள். முதலில் ஓடியது நான்தான். "முதுவு வலிக்குது ஆயா" என்றாள். மெட்டி போட்ட விரல்கள் அசைந்தன. நான் மட்டும்தான் பார்த்தேன்.

அவள் புருஷன் ரவி ஆம்புலன்சுக்குப் போன் போட்டபடி வந்தான். "தூக்காத ஆயா. அசைக்கவே கூடாதாம், அப்பிடியே வுடச் சொல்றாங்க."

"அவன் எங்கியோ உக்காந்துகினு சொல்லுவான். நான் வேல செஞ்ச மில்லுல அடிபட்டவங்க எத்தினி பேரத் தூக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. எதிர்க் கடையிலிருந்த ஆண்கள் கூடிவிட்டார்கள். அதுதான் என் கண்ணை உறுத்தியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாமே... அவளைச் சுற்றி அத்தனை துணி கிடந்ததே.

"ஆயா, என் காலு இருக்குதா?" என்று கேட்டாள்.

ஆம்புலன்சில் வந்த பெண் அவள் கழுத்துக்குப் பட்டை கட்டி, பலகையில் அலுங்காமல் ஏற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "தூக்கறதுக்கு முன்னாடி கால் அசைஞ்சுதா பாட்டி?" என்றாள்.

"இல்லம்மா. வுழுந்தப்பவே போயிடுச்சி."

எப்படி வந்தது அந்தப் பொய்? யோசிக்கக்கூட இல்லை. நான் தொடாமல் இருந்திருந்தாலும் கால் போயிருக்குமோ என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த நினைப்பு ஒருநாள்கூட முழுசாக நிற்பதில்லை.

இப்போது சக்கர நாற்காலியில் வாசலில் இருக்கிறாள். நான் காய் வாங்கப் போகும்போதெல்லாம், "நீ இல்லன்னா அன்னிக்கி என்னை யாரு ஆயா தூக்கியிருப்பாங்க?" என்கிறாள். நான் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

இதைக் கமலாவிடம் கொடுக்க வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி நந்தினி. நந்தினி, விரல் அசைந்ததைச் சொன்னபோது உன் பேனா நின்றது. பிறகு என்ன எழுதினாய்? ஆயாவுக்காக எதையும் மாற்றிவிட்டாயா?

அந்த இடத்தைப் படித்துக் காட்டு.