ரஹமத்துல்லாவின் படிக்காத மெயில்கள்

ரஹமத்துல்லாவின் போனில் அலுவலக மெயிலை அமைத்துக் கொடுத்தவள் அவருடைய மகள் நிகத். மூன்று வருடங்களுக்கு முன்னால். பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வர்களைக் கவனிப்பது அவள் வேலை. அத்தாவின் போனை அமைப்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முகவரி, கடவுச்சொல், அடியில் அவர் பெயர். மெயில்களைப் பிரித்து வைக்க மூன்று லேபிள்: லோடு, பெர்மிட், இன்சூரன்ஸ்.

"வந்ததும் திறந்து பாத்துடுங்க அத்தா. இந்தச் சிவப்பு வட்டத்துல நம்பரே இருக்கக் கூடாது."

"ஆகட்டும்மா" என்றார்.

நம்பர் இருந்தது. அவள் ஊருக்கு வந்தபோதெல்லாம் இருந்தது. பதினான்கு, இருபத்தொன்று, ஒன்பது. திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கடைசியாகப் பெருநாளைக்கு வந்தபோது பொறுமை போய்விட்டது. "மூணு வருசமாச்சு, உங்களுக்கு மெயில் பாக்கவே தெரியல" என்றாள். அவர் சிரித்தார். "தெரியலதான்."

சங்ககிரியில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்டில் முப்பத்தொரு வருடம் மேனேஜராக இருந்தவர். நாற்பத்துமூன்று வண்டிகள். எந்த வண்டி எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். வீட்டில் அதிகம் பேசமாட்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தொழுகைக்கு எழுந்தவர், கை கால் கழுவி ஒளு செய்த இடத்திலேயே சரிந்தார். நிகத் வந்து சேர்ந்தபோது மணி பத்து. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் டிரான்ஸ்போர்ட் முதலாளி ஜெகதீஸ்வரன் வந்தார். நிகத்தின் அம்மா சபீஹா, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் உள்ளறையில் இருந்ததால், வாசல் அறையில் நிகத்தே பேசினாள்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புத்தான் அம்மிணி. திங்கக்கெழமையில இருந்து மெயில் பூராம் புது சிஸ்டத்துக்குப் போகுது. பாய் போன்ல இருக்கற ஆபீஸ் அக்கவுண்ட்ட எடுத்துட்டு, சிம்மை மட்டும் குடுத்தீங்கன்னாப் போதும்."

"இன்னிக்கே பண்ணிடறேங்கண்ணா."

செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது அவளுக்கு. அவர் போனதும் போனை எடுத்தாள். சிவப்பு வட்டத்தில் இருபத்தாறு. கணக்கை நீக்குவதற்கு முன் அதைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. 'அனைத்தையும் படித்ததாகக் குறி.' ஒரே தட்டு. வட்டம் மறைந்தது.

அப்போது போன் அடித்தது. திரையில் 'சென்னம்மாள், மோரூர்' என்று ஊரோடு பெயர் வந்தது.

"ஏனுங்க பாய், எங்களை மறந்துட்டீங்களா?" வயதான பெண் குரல். கோபம் இருந்தது.

"நான் அவரு மகளுங்க. நிகத். அத்தா செவ்வாக்கிழமை மவுத்தாயிட்டாருங்க."

"அது தெரியாம நான் மூணு நாளா பாய் மேல கோவிச்சுக்கிட்டு இருந்தேனே சாமி" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவள் வீட்டுக்காரர் சின்னுசாமி டிரைவர். கட்டாக்குக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். புதன்கிழமை அவர்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவருக்கு இன்னும் தெரியாது.

"ஏங்க, போன் பண்ணிச் சொல்லலாமில்லீங்களா?"

"பாய் கூப்பிடலியே."

நிகத்துக்குப் புரியவில்லை. சென்னம்மாள் சொன்னாள். பல வருடங்களுக்கு முன் மாரப்பன் என்று ஒரு டிரைவர் இருந்தார். மலைப்பாதை இறக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது சம்சாரம் போன் அடித்தாள். எடுத்தார். வண்டி பள்ளத்துக்குப் போய்விட்டது.

"கருமாதி முடிஞ்ச பொறவு பாய் ஒவ்வொரு ஊட்டுக்கும் நடையா நடந்தாருங்க. ஓடற வண்டிக்கு அடிக்காதீங்க, எறக்கி நின்னதும் நானே சொல்றேன்னாரு. அன்னிக்கிருந்து நாங்க அடிக்கறதில்ல. பாய் கூப்பிட்டு 'எறக்கியாச்சு'ம்பாரு. அப்பறந்தான் நாங்க அவங்களக் கூப்பிடுவோம்."

நிகத் மெயிலைத் தேடினாள். சரக்கு வாங்கியவர்கள், இறக்கி முடித்ததும் ஒரு மெயில் அனுப்புவது வழக்கம். கட்டாக், புதன், மாலை நான்கு மணி. "இறக்கியாச்சுங்க. புதன்கிழமையே" என்றாள்.

"அது செரி சாமி. இப்ப வண்டி நிக்குதா, ஓடுதா?"

அதை மெயில் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, ஜெகதீஸ்வரனை அழைத்தாள். "நிக்குது அம்மிணி, நாளைக்குத்தான் ரிட்டன் லோடு. ஏன்?" பதில் சொல்லாமல் சென்னம்மாளைக் கூப்பிட்டாள். "நிக்குதுங்க. பேசுங்க."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. அந்த இருபத்தாறில் இன்னும் யாருக்கெல்லாம் செய்தி காத்திருந்ததோ.

லேபிள் பட்டியலைத் திறந்தாள். அவள் போட்டுக் கொடுத்த மூன்றுக்குக் கீழே, தமிழில், நாற்பத்துமூன்று பெண்களின் பெயர்கள். பெரும்பாலும் மனைவிகள். சில அம்மாக்கள். கல்யாணமாகாத ஒரு டிரைவருக்கு அக்கா. இறக்கிய மெயில் ஒவ்வொன்றும் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அந்தப் பெண்ணின் பெயரில் தானாகவே போய் விழுந்திருந்தது. அறிவிப்பில் தெரியும் முதல் வரியை மட்டும் அத்தா படித்திருக்கிறார். உரியவரிடம் சொன்ன பிறகே மெயிலைத் திறந்திருக்கிறார். திறக்காதது என்றால் இன்னும் சொல்லாதது.

மெயில் பார்க்கத் தெரியாதவரின் ஏற்பாடு அது. இப்படி ஒன்றை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளும் யாருக்கும் அமைத்துக் கொடுத்ததில்லை.

அதைத்தான் ஒரு தட்டில் அழித்திருந்தாள். யாரிடம் சொல்லியாயிற்று, யாரிடம் சொல்லவில்லை என்று இனி தெரியாது. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடவும் முடியாது. வண்டி மறுபடி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 'இறக்கியாச்சு' என்று சொன்னால், அவர்கள் உடனே ஓடுகிற வண்டிக்கு அடிப்பார்கள்.

உள்ளே போய் அம்மாவிடம் கேட்டாள். "அத்தா இந்தப் போன்லதானே எல்லாருக்கும் பேசுவாரு?"

"இதுலதான். காலையில ரெண்டு மூணு பேரு, சாயந்தரம் ரெண்டு மூணு பேரு. எல்லாம் பொம்பளைங்க குரலு. ஆரம்பத்துல நானே சந்தேகப்பட்டிருக்கேன்." சபீஹா மூன்று நாளில் முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். "அப்பறம் பாத்தா ஒரே வார்த்தைதான் பேசுறாரு. இந்த ஒரு வார்த்தைக்கு எவ மயங்குவான்னு விட்டுட்டேன்."

அழைப்புப் பட்டியல் போனிலேயே இருந்தது. நிகத் ஒரு தாளை நீளவாக்கில் மடித்தாள். இடப்பக்கம் கடந்த பத்து நாளில் வந்த இறக்கிய மெயில்கள், நாற்பத்தாறு. வலப்பக்கம் அவற்றுக்குப் பின் அந்தந்தப் பெயருக்குப் போன அழைப்புகள், இருபத்தொன்பது. அழைப்பு இல்லாத மெயில்கள் பதினேழு.

வட்டத்தில் இருந்தது இருபத்தாறு. செவ்வாய்க்குப் பிறகு வந்த பெர்மிட், இன்சூரன்ஸ் மெயில்கள் ஒன்பது. கழித்தாள். பதினேழு.

இன்னொரு முறை எண்ணினாள். பதினேழுதான். பத்து நாளில் ஒன்றுகூடத் தவறவில்லை. நேரங்களைப் பார்த்தாள். மில்லில் இரவு ஷிப்ட் போகிறவளுக்குக் காலை ஏழரைக்குத்தான் அழைத்திருக்கிறார், அவள் வீடு திரும்பிய பிறகு. இன்னொருத்திக்கு, வயலில் இருந்து அவள் கரையேறும் நேரத்தில். தான் பராமரிக்கும் சர்வர்களில் இத்தனை சுத்தமான பதிவை நிகத் பார்த்ததில்லை. இது மூன்று வருடக் கதைகூட இல்லை. மெயில் வருவதற்கு முன்பே வேறு எப்படியோ நடந்துகொண்டிருந்த ஒன்று.

பிறகு அந்தத் தாளோடும் போனோடும் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு நடந்தாள்.

ஜெகதீஸ்வரன் தாளை இருமுறை படித்தார். "எந்நேரமும் போன்லயே இருக்கீங்களே பாய்னு எத்தன தடவ சலிச்சிருப்பேன். ஒரு நா வாயத் தொறந்து சொல்லல மனுசன்." தாளை மேசைமேல் வைத்தார். "புது சிஸ்டத்துல எறக்குன மெசேஜ் தானாப் போற மாதிரி வெச்சுக்கலாம் அம்மிணி."

"எறக்குனது அதுக்குத் தெரியும்ணா. கேக்கறவங்களுக்கு வேண்டியது இப்ப நிக்குதா ஓடுதான்னு. அதப் பாத்துட்டுத்தான் அத்தா சொல்லியிருக்காரு. மெசேஜ் படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க."

அவர் யோசித்தார். கணினித் திரையில் வண்டிகள் நகரும் வரைபடத்தைத் திறந்தார். சென்னம்மாள் போக மீதிப் பதினாறு பேர். அவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துச் சொல்ல, நிகத் குறித்தாள். நிற்பவை பத்து. ஓடுபவை ஆறு. இன்னும் சொல்லாத அந்தப் பதினாறு மெயில்களையும் மறுபடி படிக்காதவையாக மாற்றினாள்.

"அக்கவுண்ட் அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் ஜெகதீஸ்வரன். "வித்யா, இனி இந்தப் போன் உன்ற கையில."

எதிர் மேசையில் இருந்த வித்யா, பில் போடும் பெண், மிரண்டாள். "பாய் பேசற எடத்துல நானுங்களா? எனக்கு இத்தன பேருகிட்டப் பேச வராதுங்க."

"ஒரு வார்த்தைதான் வித்யா" என்றாள் நிகத். "மொதல்ல நான் பேசறேன்."

நிற்கும் பத்தில் முதல் பெயர் தனப்பிரியா. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

நிகத் தன்னை எப்படி அறிமுகப்படுத்துவது என்று தெரியாமல் திணறினாள். "நான்… பாய் நம்பர்ல இருந்து பேசறேங்க."

"தெரியுதுங்க. பாய் தவறுனதக் கேள்விப்பட்டோம். இந்த நம்பர் இனி அடிக்காதுன்னு நெனச்சோம்." குரல் தழுதழுத்தது. "எறக்கிட்டாருங்களா?"

"எறக்கியாச்சுங்க. வண்டி நிக்குது."

ஒரு மூச்சு வெளியேறும் சத்தம். இணைப்பு துண்டானது. அங்கே அவள் புருஷனுக்கு அடிக்கத் தொடங்கியிருப்பாள்.

நிகத் தனப்பிரியாவின் பெயரில் இருந்த மெயிலைத் திறந்தாள். வித்யா எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அடுத்தது நான் பேசறேங்கக்கா."